பதினான்காம் எண்ணின் பெயர்

1

மாத்தளையிலிருந்து வரும் கடிதங்களில் நான் பிரான்சில் பத்திரிகைக்கு எழுதுவதாகச் சிலர் குறிப்பிடுகிறார்கள். அதை முதலில் திருத்திவிட வேண்டும். நான் இருப்பது இந்நாட்டின் தென்மேற்கில் ஒரு சிறு நகரம். நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. ஆனால் எழுதுவது என் வேலை அல்ல. ஊர்களில் இருக்கும் நிருபர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, காதில் கருவியை மாட்டிக்கொண்டு டைப் அடிக்கிறேன். சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. முடிந்தபின் முழுவதையும் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால் தாள் அச்சுக்குப் போகும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ரக்பி. நம் பக்கத்துத் தோட்டத் துரைமார் 'ரகர்' என்று சொல்லி ஆடினார்களே, அதே ஆட்டம். பப்பாளிக்காய் வடிவத்தில் பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர். துரைமாருக்கு அது பொழுதுபோக்கு. இங்கே கசாப்புக்கடைக்காரரும் தபால்காரரும் திராட்சைத் தோட்டக்காரரும் ஆடுகிறார்கள். ஆடாதவர்கள் சுற்றி நின்று ஆட்டத்தை நடத்துகிறார்கள். திங்கட்கிழமை காலையில் பத்திரிகையை யாரும் முன்பக்கத்திலிருந்து திறப்பதில்லை. அரசாங்கம் விழுந்திருந்தாலும் ரக்பிப் பக்கங்களை முடித்துவிட்டுத்தான் அங்கே வருவார்கள்.

இதில் எனக்கு நெடுநாள் பிடிபடாத ஒன்று உண்டு. எங்கள் பத்திரிகை ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு தனிப் பதிப்பு போடுகிறது. இரண்டு ஊர்கள் மோதினால் இரண்டு ஊர் நிருபர்களும் தனித்தனியே சொல்வார்கள். அவரவர் சொன்னது அவரவர் பதிப்பில் வரும். ஒன்றில் வெற்றி, வீரத்தால் கிடைத்தது. மற்றதில் அதே வெற்றி, நடுவருடைய கண் கோளாறால் கிடைத்தது. பத்திரிகையின் பெயர் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்து டைப் அடிப்பவன் நான் என்பதால், இரண்டு ஆட்டங்களையும் அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று பிரிவுத் தலைவர் கேலி செய்வார்.

2

டைப் அடிக்க நான் பழகியது மாத்தளையில். யட்டவத்தைப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். எங்கள் சின்னத் துரை கிளப் அணியில் ஆடுவார். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சேற்றுச் சப்பாத்தோடு ஆபீசுக்குள் வந்து, நின்றபடியே ஆட்டக் குறிப்பைச் சொல்வார். நான் அடித்துக் கொழும்புப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். மைதானத்துக்குள் கால் வைக்காமலே ஆட்டத்தின் சொற்களையெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை ஆட்டத்தில் ஒரு துரைக்குத் தோள் எலும்பு முறிந்தது. தோட்டத்து லொறி டிரைவர் காதர் நானா அவரை மடியில் சாய்க்காத குறையாகக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்திரிகையில் அந்தத் துரையின் பெயர் முதலெழுத்துகளோடு வந்திருந்தது. யார் கொண்டுபோனது என்று இல்லை. நான் வாசித்துச் சொன்னதும் காதர் நானா பீடியைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"நம்ம பேரு பேப்பர்ல எப்ப வரும் கிளாக்கர்? மௌத்தானாதான் வரும் போல."

செத்தால்தானா என்று நானும் சிரித்தேன். பெயரைப் பற்றி அப்போது எனக்கு வேறு கவலை இருந்தது. அப்பா மாணிக்கம் காரைக்காலில் பிறந்து, இளவயதில் மாத்தளைக்கு வந்து, கணக்கப்பிள்ளையாக இருந்து அங்கேயே காலமானவர். இலங்கை சுதந்திரம் பெற்றபின் அங்கே வந்த குடியுரிமைச் சட்டப்படி நான் பிறந்த நாட்டுக்கு நான் உரியவன் அல்ல என்றாகிவிட்டது. இந்திய அலுவலகத்தில் கேட்டேன். உன் தகப்பன் பிறந்தது பிரெஞ்சு மண், அங்கே போய்க் கேள் என்றார்கள். பிரெஞ்சு அலுவலகத்தில் கேட்டேன். நீ பிறந்தது ஆங்கிலேயர் மண் அல்லவா என்றார்கள். கடைசியில் அப்பாவின் காரைக்கால் பிறப்புப் பத்திரம்தான் எங்களைக் கப்பலேற்றியது.

இங்கே வந்ததும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது? அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள். உக்குவளையில் பிறந்த என் மனைவி தெய்வானையும், கைக்குழந்தையாகக் கப்பலேறிய மகன் மோகனும் இங்கே மாணிக்கம்தான்.

முதல் வருஷங்களில் ஒரு தானியக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதினேன். பத்திரிகையில் வேலை கிடைத்தபோது பிரெஞ்சு டைப்ரைட்டர் என்னைப் படாதபாடு படுத்தியது. எழுத்துகள் இடம் மாறியிருக்கும். என் விரல்கள் மாத்தளைப் பழக்கத்தில் போய், ஊர்ப் பெயர்களையெல்லாம் இல்லாத ஊர்களாக்கின. அச்சுக்கூடத்தார் கொஞ்ச நாள் என்னை அந்த ஊர்களின் மேயர் என்று அழைத்தார்கள்.

3

மோகனுக்கு இப்போது இருபது வயது. டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான். சோறு வேண்டும், சட்டை எங்கே, போயிட்டு வாறேன் என்ற அளவுக்குத் தமிழ் மிச்சம் இருக்கிறது. பந்தைக் கையில் எடுத்தால் பிடிக்க முடியாத ஓட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் ஊர் அணியில் ஓரத்தில் ஓடுகிறவனுக்கான பதினான்காம் எண் சட்டை அவனுக்குக் கிடைத்தது.

எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்ததில்லை. அவன் ஆடுவது ஞாயிறு பகலில். அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருக்க வேண்டும். இளைஞர் அணிகளின் முடிவுகள் மத்தியானத்திலேயே வரத் தொடங்கிவிடும். என் மகன் எப்படி ஆடினான் என்பதை எங்கள் ஊர் நிருபரான மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் நான் அறிவேன்.

தெய்வானைக்கு இந்த ஆட்டத்தின்மேல் மரியாதை கிடையாது. சேறு போகச் சட்டை துவைப்பவள் அவள்.

"நம்ம ஊருல அடிபுடி நடந்தா பொலிஸ் வரும்," என்பாள். "இங்க பேப்பர்காரன் வந்து நல்லா அடிச்சானான்னு எழுதுறான்."

4

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போய் ஆடியது. வென்றால் அடுத்த சுற்று. இந்த ஊர் பல வருஷங்களாக எட்டாத சுற்று. வென்றுவிட்டார்கள் என்ற செய்தி முன்னாலேயே வந்துவிட்டது.

அந்த மலையூரின் நிருபர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஆட்டம் முடிந்ததும் அங்குள்ள மதுக்கடையின் தொலைபேசியிலிருந்து பேசுவார். கமாவையும் முற்றுப்புள்ளியையும் வாயாலேயே வைப்பார். நேரில் சந்தித்ததில்லை என்றாலும், வருஷக்கணக்காக அந்தக் குரலை எனக்குத் தெரியும். அன்றும் வழக்கம்போல வானிலையில் தொடங்கினார். மலை தன் மேகத் தொப்பியைக் கழற்றவில்லை, கமா, எங்கள் பையன்களும் அதற்குத் துணையாக முதல் பாதி முழுவதும் தூங்கினார்கள், முற்றுப்புள்ளி. பிறகு குரல் மாறியது.

இரண்டாம் பாதியில், ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில், தங்கள் ஒன்பதாம் எண் பந்தோடு கீழே விழுந்து கிடந்தபோது, எதிரணியின் பதினான்காம் எண் ஓடிவந்து அவன் கையை உதைத்தான் என்றார். இரண்டு விரல்கள் முறிந்தன. நடுவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி.

நான் அடித்தேன். அணிப் பட்டியல் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒருவர்மேல் குற்றம் சொல்லும் வரியில் வெறும் எண் போதாது, பெயர் வேண்டும். நிருபருக்குப் பெயர் தெரியாமல் எங்களைக் கேட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் விட்டால் அந்த வரியே எடுபட்டுப் போகும். வாத்தியார் கேட்கவில்லை. அடுத்த பத்திக்குப் போய்விட்டார். கடைசி நிமிஷங்களைச் சொன்னார், பார்வையாளர்களுக்கு நன்றி சொன்னார். நான் மூச்சை விட்டேன்.

பிறகு, "ஆமாம், அந்தப் பதினான்குக்குப் பெயர் என்ன? பட்டியல் உங்க முன்னால இருக்குமே?" என்றார்.

பக்கத்து மேசைக்காரரிடம் தொலைபேசியைக் கொடுத்திருக்கலாம். பிரிவுத் தலைவர் பிறகு அதைத்தான் சொன்னார். ஆனால் யாராவது ஒருவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருஷங்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளின் பெயர்களைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"மாணிக்கம்," என்றேன்.

எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு முழுவதையும் படித்துக் காட்டினேன். அந்த வரியில் என் குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை. படித்து முடித்ததும் அவர் சரி என்று சொல்லவில்லை.

"ஐயா, இவ்வளவு காலமா பேசுறோம். உங்க பெயரை நான் கேட்டதே இல்லை."

சொன்னேன்.

"மகனா?"

"மகன்."

"நான் ஓரக்கோட்டுலதான் நின்னேன். வேணும்னா அந்த வரியை எடுத்துடுறேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்படின்னா இருக்கட்டும்," என்றேன்.

பின்னாலேயே எங்கள் மருந்துக்கடைக்காரர் பேசினார். அவர் சொன்ன ஆட்டத்தில் பதினான்காம் எண்ணின் கால்களில் சிறகு முளைத்திருந்தது. எதிரணியின் ஒன்பதாம் எண் ஏதோ காரணத்தால் வெளியேறினார். அதையும் சொன்னபடியே அடித்தேன்.

அப்பாவின் பெயர் அச்சில் வருவது அதுவே முதல் தடவை அல்ல. மருந்துக்கடைக்காரர் மோகனைப் பலமுறை பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அதை என் வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

5

திங்கட்கிழமை மத்தியானம் மோகன் சாப்பிட வந்தபோது கையில் மலையூர்ப் பதிப்பு இருந்தது. பட்டறைக்கு வந்த ஒரு விவசாயி கொண்டுவந்தாராம். மேசைமேல் விரித்து வைத்தான். தமிழில் பேசினான், அதிலிருந்தே கோபம் தெரிந்தது.

"இத யாரு அடிச்சது?"

"நான்தான்."

"பேர யாரு குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அதன்பின் பிரெஞ்சுக்கு மாறிவிட்டான். இந்த நாட்டில் எந்த நிருபரும் சொந்த ஊர்ப் பையனைக் காட்டிக் கொடுக்கமாட்டார், எந்தத் தகப்பனும் மாட்டான் என்றான். பந்தைத்தான் உதைத்தேன், கை அங்கே இருந்தது என்று பத்திரிகையில் திருத்தம் போடச் சொல்லுங்கள் என்றான். நான் அங்கே இல்லாதபோது எதைத் திருத்துவது என்று கேட்டேன். அவன் பார்த்ததை அவன் எழுதிக் கொடுத்தால் பிரிவுத் தலைவரிடம் சேர்ப்பிக்கிறேன் என்றேன். பேனாவை எடுத்து வைத்தேன். அவன் தொடவில்லை.

"நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருக்கீங்களா? ஊருல உள்ளவங்க சொல்றத கேட்டுக் கேட்டு அடிக்கிறீங்க. என்னையும் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிறீங்க."

இவ்வளவு நீளமாக அவன் தமிழில் பேசி நான் கேட்டு வெகுநாளாயிற்று.

"சோறு ஆறுது," என்றாள் தெய்வானை. "ரெண்டு பேரும் அந்தக் காகிதத்த எடுத்துட்டு உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. அந்த வாரம் முழுவதும் பட்டறையிலேயே சாப்பிட்டான்.

6

மலையூர்க் கழகம் பத்திரிகைத் துண்டை இணைத்து முறையிட்டது. ஒழுங்கு விசாரணைக் குழு மோகனை அழைத்தது. தண்டனை கிடைத்தால் அடுத்த சுற்று ஆட்டம் அவனுக்கு இல்லை. இங்கே இருபத்தொரு வயதாகும்வரை தகப்பன் கூடப் போக வேண்டும் என்பதால் அழைப்பு என் பெயருக்கு வந்தது. மாவட்டத் தலைநகருக்கு இருவரும் ரயிலில் போனோம். அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். எங்கள் கழகத் தலைவர் தன் காரில் தனியே வந்தார்; அவருக்கு என்மேல் கோபம்.

குழுவில் மூன்று பேர். மூவருமே பழைய ஆட்டக்காரர்கள் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. உடைந்து கோணலாக ஒட்டிய மூக்குகள். எதிரே அந்த ஒன்பதாம் எண் பையன் கையில் பெரிய கட்டோடு இருந்தான். சிவந்த முகம், மோகனுடைய வயதுதான். தகப்பனோடு சேர்ந்து பால்மாடு வளர்க்கிறவன் என்று கழகத்தார் சொன்னார்கள்.

குழுத் தலைவர் துண்டை வாசித்தார். நான் அடித்த வரி. அந்த அறையில் அது வேறு யாரோ அடித்தது போல இருந்தது. என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நான் அங்கே இருக்கவில்லை என்றேன். பிறகு ஒன்பதாம் எண்ணிடம், விரல்கள் எப்படி முறிந்தன என்று கேட்டார்.

"வேன் கதவுல நசுங்கிடுச்சு," என்றான் அவன்.

அவர்கள் கழகத்துச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். குழுவினர் மூவரும் சிரிக்காமல் இருக்க முயன்றார்கள். இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் நேரில் கண்டேன். கழகம் முறையிடலாம், பத்திரிகை எழுதலாம். ஆனால் ஆடியவன் ஆடியவனைக் காட்டிக் கொடுப்பதில்லை. மைதானத்தில் பட்டது மைதானத்தோடு. குழுத் தலைவர் துண்டை மடித்தார். எங்கள் கழகத் தலைவர் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

மோகன் எழுந்து நின்றான்.

"கதவு இல்லை. என் கால்தான்," என்றான். "கையைப் பார்த்தேன். பார்த்துத்தான் உதைச்சேன்."

கழகத் தலைவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. ஒன்பதாம் எண் பையன் அவனை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு தன் கட்டைப் பார்த்துக்கொண்டான். குழுவினரின் முகத்திலும் எரிச்சல்தான் தெரிந்தது. திறந்து வைத்த வாசலில் போகாமல் நின்றுவிட்டான் அல்லவா? சட்டப்படி செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பருவம் முடியும்வரை தடை என்றார்கள்.

என் மகன் மைதானத்தில் செய்த ஒன்றை, அவன் வாயிலிருந்தே நான் முதன்முறையாகக் கேட்டது அந்த அறையில். அது நல்ல செய்தி அல்ல. இருந்தும், அவன் நின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு நேராக இருந்தது.

ரயிலடியில் வண்டிக்காக நின்றபோது, "அம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க சொல்லாதீங்க," என்றான்.

சரி என்றேன்.

7

வீட்டில் தெய்வானை முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"என்னாங்க, என்ன ஆச்சு?"

"அவன் சொல்லுவான்," என்று மேலங்கியைக் கழற்றி மாட்டினேன்.

நின்றபடியே தமிழில் சொன்னான். நடுவில் சொல் கிடைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் தடுமாறினான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தடை எத்தனை மாதம், அடுத்த சுற்று என்னாகும் என்றெல்லாம் அவளுக்கு அக்கறை இல்லை.

"அந்தப் புள்ள மாடு வச்சிருக்குன்னியே. ரெண்டு வெரல் ஒடைஞ்சா பால் யாரு கறக்குறது?"

மோகன் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எந்தப் பதிப்பிலும் அது இல்லை. குழுவிலும் யாரும் கேட்கவில்லை.

"தெரியாதுன்னா கேட்டுட்டு வா," என்றாள். "ஞாயித்துக்கெழமைதான் ஒனக்கு இனி வேல இல்லையே."

மருந்துக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆட்டக் குறிப்பை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ரொட்டிக்கடையில் தெய்வானைக்கு முந்திய நாள் ரொட்டி கிடைக்கிறது. பதினான்காம் எண்ணில் வேறொருவன் ஆட, எங்கள் அணி அடுத்த சுற்றில் தோற்றது. அது முழுவதும் மாணிக்கம் வீட்டாரின் வேலை என்பது ஊரின் தீர்ப்பு.

தோற்ற அன்று மலையூரில் வேறொரு சிறு ஆட்டம். வாத்தியார் வழக்கமான நேரத்தில் பேசினார். கமாக்களோடு சொல்லி முடித்தார், நான் படித்துக் காட்டினேன், சரி என்றார். வைக்கவில்லை.

"உங்க பதினான்கு இங்கதான் இருக்கார்," என்றார். "வர்ற வழியில பார்த்தேன். மாட்டுத் தொழுவத்துல, வாளிக்கும் மாட்டுக்கும் நடுவுல. மூணு ஞாயிறா வர்றாராம். கை கட்டுப்போட்டவன் பக்கத்துல உக்காந்து இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னு திட்டிக்கிட்டு இருக்கான். இன்னைக்கு ஒரு மாடு உங்க பையனை நல்லா உதைச்சுடுச்சு. நானே பார்த்தேன்."

என் விரல்கள் பழக்கத்தில் விசைகளின்மேல் போய்விட்டன.

"இதையும் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார் வாத்தியார். "இது பத்திரிகைக்கு இல்லை. உங்களுக்கு."